பிரதம விருந்தாளிக்கு ஒரு றோகு

திருகோணமலை நகரத்தில் யாரிடமாவது குளத்து மீன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் மூக்குச் சுழியும், பிறகுதான் வாய் திறக்கும். "ஐயோ, அது சேத்து மணமெல்லே" என்பார்கள். துறைமுகத்தைச் சுற்றிப் பிறந்தவர்களுக்குக் கடல் கொடுத்த கொழுப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே குச்சவெளிக்காரி. பாரையும் விளைமீனும் தின்று வளர்ந்தவள். கலியாணம் கட்டி, கந்தளாய் வீதியில் இறங்கி உள்ளுக்குப் போகிற ஒரு குளத்தடி ஊருக்கு வந்த முதல் கிழமை, குசினியில் யப்பான் மீன் என்கிற திலாப்பியாக் குழம்பு கொதித்த மணத்துக்குக் கிணற்றடிக்கு ஓடிப்போய் ஓங்காளித்தேன். மாமியார் கன நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த மணம் பழகிவிட்டது. இப்போது குளத்து மீன் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இத்தனை வருடமாகியும் பழகாத மணம் ஒன்று இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றதும் சின்ன மனிதர்கள் பந்தம் பிடிப்பார்களே, அப்போது எழும்புகிற மணம்.

கடலில் என் அப்பா வலையைத் தூக்கிக்கொண்டு போவார், வருவார். காற்றைத் தவிர வேறு சட்டம் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. குளத்தில் அப்படி இல்லை. தோணிக்கு இலக்கம் வேண்டும், அதைத் தோணியில் பெரிதாக எழுத வேண்டும். ஆளுக்கு லைசன்ஸ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சின்னக் கண் வலை போடக் கூடாது. இழுவை வலை அறவே கூடாது. தடியால் தண்ணீரை அடித்து மீனைக் கலைத்து வலைக்குள் விரட்டக் கூடாது. லைசன்ஸ் இல்லாதவன் அடுத்தவனுடைய தோணியில் ஏறி உதவி செய்யவும் கூடாது. வந்த புதிதில் இதெல்லாம் என்ன கோதாரி என்று சிரித்திருக்கிறேன். பிறகு விளங்கியது. கடல் போல இல்லை குளம். குஞ்சையும் சினையையும் சேர்த்து அள்ளினால் அடுத்த வருடம் சேறுதான் மிஞ்சும். சட்டம் நல்ல சட்டம். என் கோபம் சட்டத்தோடு இல்லை.

லைசன்ஸ் என் வீட்டுக்காரரின் பெயரில். அவர் வலை போட்டு வருவார், நான் கரையில் நின்று வலையிலிருந்து மீனைக் கழற்றுவேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி அதை நிறுத்து எடுத்துக்கொண்டு போவார். எங்களுடைய அடுப்பு எரிவதும், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போவதும் அந்தத் தோணியால்தான். வயல் இல்லை, மாடு இல்லை, வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

றோகு மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யப்பான் மீன் தன்பாட்டில் குளத்தில் பெருகும். றோகு அப்படி இல்லை. எங்கள் குளத்தில் அது முட்டையிட்டுப் பொரிக்காது. வெளியிலே பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்துக் கொண்டுவந்து விட்டால், விட்டது வளரும். விடாவிட்டால் றோகு இல்லை. நாடு காசில்லாமல் கிடந்த காலத்தில் குஞ்சு கொண்டுவந்து விடுவார் இல்லை. கடைசியாகக் கிடந்த கிழட்டு றோகுகளும் பிடிபட்டுப் போக, எங்கள் குளத்தில் றோகு என்ற பேச்சே அற்றுப் போனது. அதனால்தான், திரும்பக் குஞ்சு தரப் போகிறார்களாம், ஒரு லொறி நிறைய வருகிறதாம் என்று சங்கத்தில் அறிவித்த அன்றைக்கு ஊரே சிரித்த முகத்தோடு திரிந்தது.

நன்னீர் மீனவர் சங்கத்தின் தலைவர் அதை விழாவாக்கிவிட்டார்.

மாரி மழை ஓய்ந்து குளம் முட்டி நின்ற நேரம். அணைக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக, நீல நிறத் தறப்பாளால் பந்தல் போட்டார்கள். நகரத்திலிருந்து அரசியல் பிரமுகர் ஒருவர் பிரதம விருந்தாளி. அவருக்குத் துணி போர்த்திய கதிரை, எங்களுக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்ரிக் கதிரை. நடுவில் ஒரு நீள மேசை, அதற்கு வெள்ளைத் துணி, ஓரத்தில் செவ்வரத்தம் பூ. அந்த மேசையில் குஞ்சுப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒட்சிசன் அடைத்து வாய் இறுக்கிக் கட்டிய பெரிய பொலித்தீன் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் நீளக் குஞ்சுகள் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. மேசை கொள்ளாத பைகளைக் கீழே மண்ணில் வைத்திருந்தார்கள். அதிகாலையில் லொறி வந்தது. விழா எட்டு மணிக்கு என்றார்கள்.

குஞ்சு விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பையைக் கட்டு அவிழ்க்காமல் முதலில் குளத்தில் மிதக்க விட வேண்டும். பைக்குள் இருக்கிற தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பைக்குள் தண்ணீர் கொதித்துப் போகும், குஞ்சு அவிந்துவிடும். இது எனக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைவருக்குத் தெரியும். குஞ்சுகளோடு லொறியில் வந்த உத்தியோகத்தர் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரியாத்தனத்தில் நடந்திருந்தால் நான் இவ்வளவு அருவருத்திருக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளை தலைவரிடம் போய் நின்றாள். புதிதாக வேலைக்கு வந்தவள், சத்தம் வெளியில் வராது.

"சேர், பையளை இப்பவே தண்ணியில மிதக்க விடுவமே? வெயில் ஏறுது."

"மிஸ், மேசையில பை இல்லாட்டி ஐயா எதைத் திறக்கிறது? முதல் பை அவற்ற கையால. போட்டோ எடுத்தாப் பிறகு மற்றதெல்லாம்."

"அவர் எப்ப வருவார், சேர்?"

"வெளிக்கிட்டிட்டார்."

அந்தச் சொல்லை அன்று காலை முழுக்கக் கேட்டோம். எட்டு மணிக்கு வெளிக்கிட்டிருந்தார். ஒன்பது மணிக்கும் வெளிக்கிட்டிருந்தார். தலைவர் போனைக் காதில் வைத்தபடி அணைக்கட்டில் ஏறுவார், இறங்குவார், "வெளிக்கிட்டிட்டாராம்" என்பார். மனுசன் வெளிக்கிட்டபடியே இருந்தார்.

வெயில் தறப்பாளின் ஓரத்தால் சரிந்து மேசையில் இறங்கியது. பூமாலை வாடாமல் இருக்க ஒருவர் அதற்குத் தண்ணீர் தெளித்தார். ஐயாவுக்கு வைத்த சோடாப் போத்தல்கள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தன. மேசையில் இருந்த குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தெளிந்த தண்ணீர் கலங்கியது. பையின் உட்புறத்தில் நுரை கட்டியது. பக்கவாட்டில் சாய்ந்த குஞ்சு ஒன்று நிமிரப் பார்த்தது, திரும்பச் சாய்ந்தது. எனக்கு முன்னால் இருந்த பையில் வெள்ளை வயிறு தெரியத் தொடங்கியது. கதிரையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் வலைத் தழும்பு உள்ள ஆம்பிளையள். ஒருவர் தன் தொப்பியால் விசிறிக்கொண்டார். இன்னொருவர் "சீ, பாவம்" என்றார், சொல்லிவிட்டுக் காலை நீட்டி வசதியாக இருந்தார். எனக்கு அவரைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

நான் எழும்பினேன். வீட்டுக்காரர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"இஞ்சேர், சும்மா இரு. உனக்கேன் இந்த வேலை?"

"நீங்கள் இருங்கோ. நல்லா இருங்கோ."

மேசையில் உயிரோடு இருந்த பை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினேன். கைக்கே சூடு தெரிந்தது. தலைவர் ஓடி வந்தார்.

"அக்கா, வையுங்கோ அதை! என்ன விசர் வேலை பாக்கிறீங்கள்?"

"விசர் எனக்கோ உங்களுக்கோ? சோடாவுக்கு ஐஸ், குஞ்சுக்கு வெயிலோ?"

பின்னுக்கு யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்கள் எழும்பவில்லை. நான் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிப் பையை மிதக்க விட்டுவிட்டு அடுத்ததுக்குத் திரும்பினேன். பார்த்தால், அந்த உத்தியோகத்தர் பிள்ளை ஒரு பையை நெஞ்சோடு அணைத்தபடி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். முகம் பயத்தில் வெளுத்திருந்தது. "அன்ரி, உடனை திறக்காதையுங்கோ, எப்பன் மிதக்கட்டும்" என்றாள். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரும் வந்தார். என்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பைகளை வாங்கி வாங்கி மிதக்க விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய எத்தனையோ பிழைகளை நான் மன்னித்திருக்கிறேன்.

செத்துப்போன பைகளை நாங்கள் தொடவில்லை. அவை மேசையிலேயே கிடந்தன. மற்றவற்றின் வாயை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டோம். குஞ்சுகள் கொஞ்ச நேரம் கரையோரத்தில் மயங்கி நின்றுவிட்டுச் சடக்கென்று ஆழத்துக்கு இறங்கின. அந்த நேரம் மனசுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நனைந்த சேலையோடு கரையில் நின்று சிரித்தேன்.

அப்போதுதான் வாகனங்கள் வந்தன.

இனி நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியாது. தலைவர் மேசையில் மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார். செத்த பைகளில் ஒன்றை எடுத்து, கலங்கிய தண்ணீரை நுரையோடு ஊற்றிவிட்டு, குளத்துத் தண்ணீர் அள்ளி நிரப்பினார். குலுக்கினார். செத்த குஞ்சுகள் உள்ளுக்குள் சுற்றி வந்தன, தூரத்திலிருந்து பார்த்தால் நீந்துவது போலவே இருந்தது. மாலை போட்டார்கள். விளக்கு ஏற்றினார்கள். ஐயா தண்ணீர் ஓரத்துக்கு வந்து, காற்சட்டை நனையாமல் குனிந்து, பையைக் கவிழ்த்தார். கைதட்டினார்கள். அந்தக் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும், அது பிணம் என்று தெரிந்துகொண்டே கைதட்டினார்கள். பொறுப்பும் எதிர்காலமும் பற்றி ஐயா பேசிக்கொண்டிருக்க, வெள்ளை வயிறுகள் கரையில் வந்து ஒதுங்கின. கொக்கு ஒன்று வந்து பொறுக்கித் தின்றது. அன்றைக்கே படம் பேஸ்புக்கில் வந்தது. கீழே கருத்துப் பகுதியில் பூவும் கும்பிடுகிற கைகளும்.

எல்லாம் முடிந்து பந்தல் கழற்றும்போது தலைவர் என் பக்கத்தில் வந்தார். கோபமாகக் கதைக்கவில்லை.

"பாப்பம், அக்கா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார் போல. குஞ்சு விட்ட பக்கம் வலை போடக் கூடாது என்று தடை போட்டார்கள், என் வீட்டுக்காரர் அந்தத் திசைக்கே போகவில்லை. அவருடைய வலைக்கண்ணில் ஒருநாளும் குற்றம் கண்டதில்லை. அப்படி ஒழுங்காகத் தொழில் செய்த மனுசன், வருடம் முடிந்து லைசன்ஸ் புதுப்பிக்கப் போனார். சங்கத்தின் சிபாரிசு இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். தலைவர் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு இவரை நிற்க வைத்துக் கதைத்தாராம்.

"எனக்கொரு மனவருத்தமும் இல்லை, தம்பி. ஐயாதான் இன்னும் மனசில வைச்சிருக்கிறார். விழாவைக் குழப்பின குடும்பத்துக்குச் சிபாரிசு குடுத்தால் எனக்கு வில்லங்கம். பெண்சாதியைப் போய் ஐயாட்ட ஒரு மன்னிப்புக் கேட்கச் சொல்லும். மற்றதை நான் பாக்கிறன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் கத்தியதில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. நான் போக மாட்டேன் என்றேன். அவர் தோணியைக் கரைக்கு ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். தவிட்டுத் தூசு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இரவெல்லாம் இருமுவார். காலையில் ஆலைக்குப் போக முந்தி குளத்தங்கரையில் போய் நின்றுவிட்டு வருவார்.

மாதங்கள் போயின. வெயில் காலம் வந்து தண்ணீர் வற்ற வற்ற மீன் ஒடுங்கி வரும், வருடத்தில் நல்ல உழைப்பு அந்தக் காலத்தில்தான். மற்றத் தோணிகள் றோகுவோடு வந்தன. குளத்தில் இல்லாமலே போயிருந்த றோகு! காசகலச் செதிளும் சிவந்த வாலுமாக, தூக்கினால் கை தாழ்கிற கனம். விழாவன்று கதிரையை விட்டு எழும்பாதவர்கள் எல்லாம் அதை வலையிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். எங்கள் வேலியடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய குறிஞ்சாக்கேணி வியாபாரிக்கு விசயம் தெரியாது.

"என்ன புள்ள, இந்த முற றோகு அள்ளிக் கொட்டுது, உங்கட ஆள்ற மீனைக் காணல்லயே?" என்றார்.

அவரிடம் என்னத்தைச் சொல்ல? "அவருக்குச் சுகமில்லை, நானா" என்றேன். இருமலும் சுகயீனம்தானே.

கடைசியில் என்னைப் போக வைத்தது தோணிதான். ஒரு பின்னேரம் அவர் கவிழ்த்த தோணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அடிப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெயிலில் பலகை வெடித்து, விரல் போகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது.

"எனக்காகப் போகவேண்டாம்" என்றார். "இன்னும் ஒரு மாதம் இப்பிடிக் கிடந்தால் இது விறகுதான்."

அடுத்த நாள் தலைவர் வீட்டுப் படலையைத் திறந்தேன். "நான் போறன்" என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பழஞ்சோற்றில் மிதக்கிற பூஞ்சணம் மாதிரி.

"நல்லது, அக்கா. ஆனா வெறுங்கையோட போகாதையுங்கோ. பெரியாக்களைப் பாக்கப் போகேக்க அது மரியாதை இல்லை. நல்ல றோகு ஒண்டு கொண்டு போங்கோ."

"றோகுவுக்கு நான் எங்க போறது? எங்கட தோணி எங்க கிடக்குதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"எங்கட தோணியில காலமை ஒண்டு வந்தது. வியாபாரிக்குக் குடுக்கிற விலைக்கே தாறன்."

தூ! அதையும் வாங்கினேன். அவருடைய ஐஸ் பெட்டியிலிருந்து, அவருடைய தராசில் நிறுத்து, விலை குறைக்காமல் வாங்கினேன். நல்ல மீன்தான், அதில் பொய் இல்லை. கண் கண்ணாடி போல இருந்தது, செவுள் செக்கச்செவேல் என்றிருந்தது. பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மூடிக் கட்டி வைத்து, அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னான். நகரத்து பஸ் நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தபோது, ஓட்டோக்காரன் பின்னுக்குத் திரும்பி, "குளத்து மீனோ, அம்மா? மூடி நல்லா இறுக்கமோ?" என்று கேட்டான். துறைமுகத்துக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. இந்தக் கோலத்தில் என்னைக் கண்டிருந்தால் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பார்.

ஐயாவின் அலுவலகத்தில் சுவரோரமாக, வந்தவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு. அங்கே வேலை செய்கிறவன் ஒருவன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"ஐயா இருக்கிறாரோ, தம்பி?"

"வெளிக்கிட்டிட்டார். வருவார், இருங்கோ."

அதே சொல். நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. அவன் திரும்ப வந்தான்.

"அம்மா, இதை உள்ளுக்கு வைக்க ஏலாது. மணக்குது. வெளியில வையுங்கோ."

"வெளியில வெயில், தம்பி. ஐஸ் நிக்காது."

"நான் என்ன செய்யிறது? ஐயாவுக்கு மணம் ஒத்துவராது."

வெளியே நிழல் என்று ஒன்றும் இல்லை. மதில் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். யன்னலால் பார்த்தால் பெட்டி தெரியும். வெள்ளைப் பெட்டியில் வெயில் பட்டுக் கண் கூசியது. எழும்பிப் போய்ப் பெட்டிக்கு நிழலாக நிற்கலாம், ஆனால் அந்த நேரம் பார்த்து ஐயா வந்து உள்ளே போய்விட்டால்? இருந்தேன். மத்தியானம் போனது. வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மதிலடியைக் கடந்தார்கள். இலையான் மொய்த்தது. இடைக்கிடை அவனிடம் கேட்டேன். வெளிக்கிட்டிட்டார், வெளிக்கிட்டிட்டார்.

பின்னேரம் வந்தார். என்னை உள்ளே விட்டார்கள். குளிர் அறை. அவருக்குப் பின்னால் சுவரில் பெரிதாக ஒரு படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எங்கள் குளம். மாலையோடு குனிந்து பையைக் கவிழ்க்கிறார். பையிலிருந்து விழுகிற தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக வயிறுகள். குளத்தடியில் வாழ்கிற எவருக்கும் அவை செத்த குஞ்சுகள் என்று பார்த்த உடனே தெரியும். அந்த அறையில் அதைத் தினமும் பார்க்கிற ஒருவருக்கும் தெரியவில்லை.

மன்னிப்பை நான் பஸ்ஸிலேயே பாடமாக்கியிருந்தேன்.

"ஐயா, அண்டைக்குக் குஞ்சு விட்ட விழாவில நான் குழப்பினது பிழை. மனசில வைக்காதையுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"எந்தக் குளம், அம்மா?"

சொன்னேன். அவர் யோசித்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"ஓ, அதோ? அது நல்ல விழாவெல்லோ. என்ன குழப்பம் நடந்தது?"

இந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியாது! என் புருசன் தவிட்டைக் குடித்து இருமியதும், தோணி வெடித்ததும், பிள்ளைகளுக்கு வெறும் பருப்போடு சோறு போட்டதும் இவருடைய கோபத்தால் என்றல்லவா நம்பியிருந்தேன். இவருக்கு என்னையும் தெரியாது, கோபமும் இல்லை, குளமே ஞாபகம் இல்லை. லைசன்ஸ் கதையைச் சொன்னேன். சிரித்தார், போனை எடுத்தார், தலைவரைக் கூப்பிட்டார். "இந்த அம்மாவின்ர அலுவலை முடிச்சுக் குடுமன்" என்றார். அந்தப் பக்கம் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்ற குரல் எனக்கே கேட்டது. முடிந்தது. சோடா மூடி திறக்கிற நேரம் கூட ஆகவில்லை.

படத்தில் அவர் ஊற்றுவது பிணம் என்று சொல்ல நாக்கு நுனி மட்டும் வந்தது. தோணியை நினைத்து விழுங்கினேன்.

"ஐயாவுக்கு ஒரு மீன் கொண்டுவந்தனான். வெளியில இருக்கு."

"என்ன மீன்?"

"றோகு. எங்கட குளத்து மீன்."

மூக்குச் சுழிந்தது. "ஐயோ வேண்டாம், அம்மா. குளத்து மீன் நாங்கள் சாப்பிடுறதில்லை. சேத்து மணம். வீட்டை கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடுங்கோ" என்றார். நல்ல மனிதர் மாதிரித்தான் சொன்னார்.

கடைசி பஸ்ஸில் நான் இருந்த இருக்கைக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இறங்கி நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். சிபாரிசு தயாராக இருந்தது. கையில் தந்துவிட்டு, "பாத்தீங்களே, ஐயா தங்கமான மனுசன். நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார். கூச்சம் என்பது அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

"அவருக்கு ஒண்டும் தெரியாதாம்" என்றேன். "எந்தக் குளம் எண்டு கேட்டவர்."

"பெரியாக்களுக்கு ஆயிரம் வேலை, அக்கா. மறந்திருப்பார்."

திருப்பிக் கதைத்தால் அந்தச் சிபாரிசைப் பறித்துக் கிழித்துவிடுவாரோ என்ற பயம். அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தேன். அந்தப் பயத்தோடு வீடு வரைக்கும் நடந்து வந்தது எனக்கு மீன் மணத்தை விட மோசமாக இருந்தது.

வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றார். சிபாரிசை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிறகுதான் பெட்டியைக் கண்டார்.

"எடுக்கேல்லையோ?"

"இல்லை."

மூடியைத் திறந்தார், முகத்தைத் திருப்பினார். ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, மீன் வயிறு ஊதி, கண் வெள்ளையாகப் போயிருந்தது. செவுளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அந்த நாற்றத்திலும் ஒரு தொழில்காரன் மீனைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார்.

"உன்ர மீன்தான்" என்றார். "நீ தண்ணியில விட்டதில ஒண்டு. வேற எங்க இருந்து வரும்?"

நான் ஆத்திரத்தில் அதை யோசித்திருக்கவே இல்லை. அந்த மனுசனுக்காகக் காத்துக் காத்துப் பைக்குள் அவிந்து சாக வேண்டாம் என்றுதான் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது தப்பி, ஆழத்துக்கு இறங்கி, ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்து கொழுத்தது. கடைசியில் நானே அதைக் காசு கொடுத்து வாங்கி, பஸ் ஏற்றிக் கொண்டுபோய், அதே மனுசனைக் காத்துக்கொண்டு அதே வெயிலில் வைத்து அழுக விட்டிருக்கிறேன்.

சொல்ல வாய் திறந்தேன், ஓங்காளம் வந்தது. கலியாணம் கட்டி வந்த முதல் கிழமை ஓடின மாதிரி கிணற்றடிக்கு ஓடினேன். சத்தி எடுத்து முகம் கழுவித் திரும்பியபோது, அவர் மண்வெட்டியோடு முருங்கைக்குக் கீழே குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆழமா வெட்டுங்கோ" என்றேன். "நாய் கிளறும்."